எம்பிஏ பசங்களுக்கு இன்னோவேஷன் எப்படிங்க சொல்லிக்கொடுக்கிறது?

புது_லெக்சரர்:
வணக்கம் மக்களே, கோயம்புத்தூர் பக்கம் ஒரு காலேஜ்ல எம்பிஏ ரெண்டாம் வருஷத்துக்கு இன்னோவேஷன் பேப்பர் எடுக்கறேன், இதான் முதல் தடவை. டெஃபனிஷன், டைப்ஸ் எல்லாம் கடகடன்னு ஒப்பிச்சுடறாங்க. செமினார் கொடுத்தா பாதிப்பேர் ஐபோன், மீதிப்பேர் டெஸ்லா. "அவருக்குத் தோணுச்சு சார், பண்ணிட்டாரு சார்", அவ்ளோதான் முடிஞ்சுது. தோணினதுக்கும் கடைக்கு வந்ததுக்கும் நடுவுல என்னடா நடந்துச்சுன்னு கேட்டா முழிக்கறாங்க. (எனக்கே அதைச் சரியா சொல்ல வரலைங்கறது வேற விஷயம்.) யாராவது வேற மாதிரி எடுத்திருக்கீங்களா?

லைன்_சேல்ஸ்:
சார் நான் வாத்தியார் இல்ல, கடை கடையா ஏறி இறங்குன சேல்ஸ் ஆளு. ஒரு சரம் ஷாம்பு பாக்கெட் வாங்கிட்டு கிளாஸுக்குப் போங்க. பணக்காரன் வாங்கறதை கூலிக்காரனும் வாங்கணும்னு பாக்கெட்ல போட்டுப் பார்த்தவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். ஆனா பாக்கெட் போட்டதும் வித்துடுச்சான்னா இல்ல. அவர் மகன் ரங்கநாதன் தனியா வந்து 1983ல 15,000 ரூபாயை வச்சு சிக் ஷாம்பு ஆரம்பிக்கறார், கிராமத்துல அப்ப தலைக்குன்னா சீயக்காய் இல்லாட்டி குளிக்கற சோப்புதான், அதனால ஊர் நடுவுல ஒரு பையனை உக்கார வச்சு தலைக்கு ஊத்திவிட்டு "தொட்டுப் பாருங்க"ன்னு காட்ட வேண்டியிருந்துச்சு. அப்புறம் எந்தக் கம்பெனி காலி பாக்கெட்டா இருந்தாலும் அஞ்சு கொண்டாந்தா ஒரு சிக் ஃப்ரீ. கொஞ்ச நாள் கழிச்சு அஞ்சும் சிக்காவே இருக்கணும்னு மாத்திட்டாங்க! ஏன் முதல்லயே அப்படிச் சொல்லலைன்னு பசங்களைக் கேளுங்க, ஒரு பீரியட் ஓடிடும். கடைக்காரர் பக்கமும் பாருங்க, பாட்டிலுக்கு ஷெல்ஃப் வேணும், சரத்துக்கு ஒரு ஆணி போதும்.

மாடித்தோட்டம்:
அந்தக் காலி பாக்கெட் இன்னைக்கு எங்க தெரு சாக்கடையை அடைச்சுட்டு நிக்குது. பல லேயர் ஒட்டின பிளாஸ்டிக், பழைய பேப்பர்காரர் கூட எடுக்க மாட்டேங்கறார். அதையும் சேர்த்து நடத்துங்க சார், பாதிக் கதையோட நிறுத்தாதீங்க.

மதுரை_வாத்தி:
நான் செய்யறது என்னன்னா விடையை முதல்ல சொல்லவே மாட்டேன், சிக்கலை மட்டும் போர்டுல எழுதுவேன். கண் புரை நோயாளிங்க கூட்டம் கூட்டமா வர்றாங்க, டாக்டர் கொஞ்சம் பேர்தான், பாதிக்கு மேல காசு கட்ட முடியாதவங்க, என்ன செய்வீங்க? பசங்க உடனே மொபைல் ஆப் ஒண்ணு செய்யலாம் சார்னு ஆரம்பிப்பாங்க, பேசட்டும். அப்புறம்தான் எங்க மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி கதை. டாக்டர் வெங்கடசாமி ரிட்டயர் ஆனப்புறம் 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்சது. ஒரு சர்ஜனுக்கு ரெண்டு டேபிள், இந்தப் பக்கம் ஆபரேஷன் முடியறப்ப அந்தப் பக்கம் அடுத்தவர் ரெடியா படுத்திருப்பார். மத்த வேலையெல்லாம் ட்ரெயினிங் எடுத்த கிராமத்துப் பொண்ணுங்க கையில. வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகலைன்னதும் 1992ல ஆரோலேப்னு தாங்களே லென்ஸ் செய்ய இறங்கிட்டாங்க. இதுல புது மெஷின்னு பெருசா எதுவும் இல்ல பாருங்க, யார் நேரம் எங்க வீணாகுதுன்னு பார்த்ததுதான். "இதுவும் இன்னோவேஷனா சார்?"னு ஒருத்தனாவது கேப்பான், அவன் கேக்கறதுக்காகத்தான் நான் ஒரு மணிநேரம் வாயை மூடிட்டு இருக்கறது.

ஆனா ஒண்ணு, இன்டர்னல் மார்க்கை மாத்தாம இது எதுவும் எடுபடாது. சரிப்படாமப் போன முயற்சியை எழுதறவனுக்கு மார்க் போடுங்க.

லைன்_சேல்ஸ்:
கோயம்புத்தூர்லயே இருந்துட்டு கிரைண்டரை விட்டுட்டீங்களே சார் 😄

புது_லெக்சரர்:
அட ஆமாங்க! 1955ல நம்ம கோயம்புத்தூர் சபாபதி முதல் வெட் கிரைண்டர் செஞ்சதுல இருந்து டில்டிங், டேபிள் டாப் வரைக்கும் வரிசையா போலாமே. எங்க அம்மா பழைய கிரைண்டர்ல குனிஞ்சு கையை விட்டு மாவு வழிக்கிறது இன்னும் கண்ணுல நிக்குது, டில்டிங் வந்தப்புறம் சாய்ச்சா மாவு பாத்திரத்துல விழும், அந்த இடுப்புவலியிலிருந்தே கிளாஸை ஆரம்பிக்கறேன். எச்ஓடி கிட்ட கிரைண்டர் கொண்டுவரட்டுமான்னு கேட்டேன், கிளாஸ்ல பிளக் பாயிண்ட் வேலை செய்யாது, லேப் வேணும்னா லெட்டர் எழுதிக் கொடுங்கன்னுட்டார். எழுதிட்டிருக்கேன்.