பீன்ஸ் பேக்கன் சூப்: மூன்று மணி நேரம் கொதித்தும் விதை வேகவில்லை, குற்றம் உப்பின் மேலா?

மலைநகர்_அடுப்பு:
நான் அமெரிக்காவின் மலைநகரான டென்வரில் வசிக்கிறேன். சென்ற சனிக்கிழமை வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்ததால், இங்குள்ளவர்கள் குளிர்காலத்தில் ஒரு வேளை உணவாகவே உண்ணும் கெட்டியான பீன்ஸ் பேக்கன் சூப்பை முதன்முறையாக வீட்டில் வைத்துப் பார்த்தேன். 450 கிராம் உலர்ந்த நேவி பீன்ஸை (சிறிய வெள்ளை விதைகள்) இரவு முழுவதும் வெறும் தண்ணீரில் ஊறவைத்தேன். காலையில் பேக்கன், வெங்காயம், கேரட், செலரி, ஒரு டப்பா நறுக்கிய தக்காளி, இரண்டு தேக்கரண்டி உப்பு ஆகிய எல்லாவற்றையும் அதனுடன் ஒன்றாகப் போட்டு அடுப்பில் ஏற்றினேன். மூன்று மணி நேரம் கொதித்த பிறகும் விதையின் தோல் தடித்து, உள்ளே நறநறவென்று இருந்தது. பேக்கனோ சாரமெல்லாம் இறங்கி, ஊறிய தோல்வார் போல மிதந்தது. ஊரிலிருக்கும் என் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "உப்பை முதலிலேயே போட்டாயா? பிறகு எப்படி வேகும்?" என்று கேட்டார். உண்மையிலேயே உப்புத்தான் காரணமா? மறுபடியும் செய்யப் போகிறேன். அதற்கு முன் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

கல்லுரல்:
உங்கள் அம்மா சொன்னது சரி. நாற்பது ஆண்டுகளாகக் கொண்டைக்கடலை, மொச்சை, ராஜ்மா, காராமணி என்று எத்தனையோ விதைகளை வேகவைத்திருக்கிறேன். விதை மலர்ந்து, விரலால் நசுக்கினால் மாவாகக் குழையும் பதம் வந்த பிறகுதான் உப்பைத் தொடுவேன். பேக்கன் என்பதே உப்பில் ஊறிய பன்றி வயிற்றுக்கறி என்பதால், அதை முதலில் போடுவதும் உப்பை முதலில் போடுவதும் ஒன்றுதான். மகள் வீட்டில் தங்கும்போது இந்த சூப்பை நான் செய்வதுண்டு. பீன்ஸை வெறும் தண்ணீரில் பிரிஞ்சி இலையோடு முழுதாக வேகவிட்டு, பேக்கனைத் தனியே முறுகலாக வறுத்து, அந்தக் கொழுப்பிலேயே வெங்காயத்தை வதக்கிக் கடைசியில் கொட்டிக் கலப்பேன். ஒருநாளும் விதை வேகாமல் நின்றதில்லை.

பரிசோதகன்:
கல்லுரல் அம்மா அவர்களின் கைப்பழக்கத்தை மதிக்கிறேன். பேக்கனைத் தனியே வறுக்கச் சொன்னதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் குற்றத்தை உப்பின் மேல் சுமத்துவதை ஏற்க முடியாது. அந்தப் பானையில் உண்மையான குற்றவாளி தக்காளி. விதையின் செல் சுவர்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் போன்ற பொருள்கள் கரைந்தால்தான் விதை மென்மையாகும். புளிப்பு மிகுந்த நீரில் அவை கரைய மறுக்கின்றன. நம் வீட்டில் காய் வெந்த பிறகே புளியைக் கரைத்து ஊற்றுவதற்கும் இதுவே காரணம். கொண்டைக்கடலைக்கு ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் விரைவில் குழைவது இதன் மறுபக்கம்.

உப்பு செய்வது வேறு வேலை. பெக்டினை இறுக்கிக் கட்டி வைத்திருப்பவை கால்சியமும் மக்னீசியமும். சமையல் உப்பிலுள்ள சோடியம் அவற்றில் ஒரு பகுதியை வெளியேற்றிவிட்டு அவ்விடத்தில் அமர்வதால் கட்டு தளர்கிறது. அதனால்தான் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 15 கிராம் உப்புக் கரைத்த நீரில் ஊறவைத்த பீன்ஸின் தோல் மிருதுவாகி, வெடிக்காமல் சீராக வேகிறது.

டென்வரின் உயரத்தையும் மறக்கக் கூடாது. ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடும். எவ்வளவு தீயைக் கூட்டினாலும் திறந்த பானையில் அதற்கு மேல் வெப்பம் ஏறாது என்பதால், கடலோர ஊரில் ஒன்றேகால் மணி நேரத்தில் வேகும் விதை அங்கே இரண்டு மணி நேரத்தை விழுங்கும். இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அந்தப் பீன்ஸ் பொட்டலம் எவ்வளவு நாள் பழையது?

கல்லுரல்:
புளியைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அது எங்கள் பாட்டி காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. ஆனால் உப்பைப் பற்றிச் சொன்னது என் கண்ணால் கண்டதற்கு மாறாக இருக்கிறது. நான் வாழ்க்கைப்பட்டுப் போன ஊரில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகாமல் நிற்கும். குடிப்பதற்குப் பிடித்து வைத்த நல்ல தண்ணீரை ஊற்றினால் அதே பருப்பு மூன்றாவது விசிலில் கரைந்துவிடும். தெருவில் எல்லா வீடுகளிலும் இதே கதைதான். உப்பு விதையை இறுக்கவில்லை என்றால் இதற்கு என்ன பொருள்?

பரிசோதகன்:
அம்மா, நீங்கள் கண்டது முழுக்க உண்மை, நானும் அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவன்தான். ஆனால் நாம் "உப்புத் தண்ணீர்" என்று சொல்லும் அந்த நீரில் பருப்பை வேகவிடாமல் தடுப்பது நாம் சாம்பாரில் போடும் உப்பு அன்று. அது கடினநீர், பாறையிலிருந்து கரைந்து வந்த கால்சிய, மக்னீசிய உப்புகள் அதில் நிறைந்திருக்கின்றன. சோப்பு நுரைக்காமல் போவதும், பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அவற்றால்தான். விதையின் பெக்டினை மேலும் இறுக்குபவையும் அவையே. இரண்டுக்கும் நம் மொழியில் உப்பு என்று ஒரே பெயர் இருப்பதால், கிணற்று நீரின் குறை அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் உப்பு ஜாடியின் மேல் விழுந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன். உங்கள் கவனிப்பு சரியானது. பழி மட்டும் ஆள் மாறிப் போயிருக்கிறது.

வாஷிங்டன்வாசி:
உப்பையும் தக்காளியையும் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள். இந்த சூப்புக்குப் பேக்கன் தேவையா என்று யாரும் கேட்கவில்லையே. அமெரிக்க செனட் சபையின் உணவகத்தில் நாள்தோறும் பீன்ஸ் சூப் பரிமாறுவது நூறாண்டைக் கடந்த வழக்கம். இடாஹோவின் செனட்டர் ஃபிரெட் டூபாய் தொடங்கி வைத்தார் என்று ஒரு சாராரும், 1903-இல் மினசோட்டாவின் நூட் நெல்சன் கேட்டுக்கொண்டதால் வந்தது என்று மற்றொரு சாராரும் சொல்வார்கள். இன்று வழங்கும் அந்தச் செய்முறையில் இருப்பவை நேவி பீன்ஸ் இரண்டு பவுண்டு, புகையூட்டிய பன்றிக் கணுக்கால் ஒன்றரை பவுண்டு, ஒரு வெங்காயம், சிறிது வெண்ணெய், நான்கு குவார்ட் வெந்நீர், இவ்வளவுதான். தக்காளி கிடையாது, பேக்கன் கிடையாது, இரவெல்லாம் ஊறவைக்கும் வேலையும் கிடையாது. விதையின் மேல் வெந்நீரை ஓடவிட்டு, சற்று வெளுத்ததும் பானையில் போட்டு மூன்று மணி நேரம் மெல்லக் கொதிக்கவிடுகிறார்கள். கணுக்காலிலுள்ள எலும்பும் தோலும் நரம்பும் கரைந்து தரும் பசைத்தன்மையைப் பேக்கனால் ஒருநாளும் தர முடியாது. பேக்கன் தருவது கொழுப்பும் புகை மணமும் மட்டுமே.

பரிசோதகன்:
கணுக்காலின் பசைத்தன்மையை மறுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டவர் செய்ய விரும்புவது வேறொரு சூப். கேம்ப்பெல் என்னும் சூப் நிறுவனத்தின் டப்பாவில் வந்து அமெரிக்கக் குடும்பங்களில் தலைமுறைகளாகப் பழகிப்போன, தக்காளியின் இளஞ்சிவப்பும் பேக்கனின் புகை மணமும் கலந்த வகை அது. அதில் கெட்டித்தன்மை எலும்பிலிருந்து வருவதில்லை, விதையின் மாவிலிருந்து வருகிறது. வெந்த விதையில் மூன்றில் ஒரு பங்கை மசித்துத் திரும்பக் கலந்தாலே கரண்டியில் ஒட்டும் பதம் கிடைத்துவிடும். தவிர, செனட்டின் மூன்று மணி நேரம் கடல் மட்டத்தை ஒட்டிய வாஷிங்டனுக்குப் பொருந்தும். ஊறவைக்காத விதையை டென்வரில் அதே நேரத்தில் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

மிதஉணவு:
ஒன்றைச் சொல்லாமல் இருக்க என் மனம் ஒப்பவில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியை 2015-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறது என்பது அதன் மதிப்பீடு. பேக்கனும், வாஷிங்டன்வாசி போற்றும் புகையூட்டிய கணுக்காலும் இதில் அடங்கும். நார்ச்சத்தும் புரதமும் நிறைந்த பீன்ஸை இத்துடன் சேர்த்துக் கெடுப்பானேன்? புகையூட்டிய மிளகாய்த்தூளும் ஆலிவ் எண்ணெயும் போதாவா? அவசரப்பட வேண்டாம் என்பவர்கள் ஸ்லோ குக்கரில் குறைந்த வெப்பத்தில் பத்து மணி நேரம் வைத்துவிட்டால் விதையும் பஞ்சு போல வெந்துவிடும்.

கல்லுரல்:
நாள்தோறும் உண்பதைப் பற்றிய கணக்கு அது. நான் சொல்லும் சூப்பில் எட்டுப் பேருக்கு 225 கிராம் பேக்கன் போகிறது, அதையும் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை வைப்பேன். உண்ண விரும்பாதவர்கள் விலக்கிக்கொள்ளலாம்; அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் புகைமணத் தூளைப் போட்டு அதற்குப் பேக்கன் சூப் என்று பெயர் வைப்பதை ஒப்ப மாட்டேன். கருவாடு இல்லாத குழம்பைக் கருவாட்டுக் குழம்பு என்று யாரேனும் சொல்வார்களா?

பரிசோதகன்:
ஸ்லோ குக்கர் பற்றிச் சொன்னது ஆபத்தானது. யாரும் அப்படியே செய்துவிட வேண்டாம். இவ்வகைப் பீன்ஸில் லெக்டின் என்னும் இயற்கை நச்சு இருக்கிறது. ராஜ்மாவில் மிகுதி, வெள்ளை விதைகளில் குறைவு. ஆனால் முற்றிலும் இல்லாமல் இல்லை. கொதிநிலையை எட்டாமல் 80 டிகிரிக்குக் கீழே வெதுவெதுப்பாகவே வைத்திருந்தால் விதை மென்மையானது போலத் தெரிந்தாலும் நச்சு அழியாது; கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் 30 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. அதன் பிறகு ஸ்லோ குக்கருக்கு மாற்றினால் குறையில்லை.

மிதஉணவு:
திருத்தியதற்கு நன்றி. அதை நான் அறிந்திருக்கவில்லை. என் பதிவைப் படிப்பவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பேக்கனைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

மலைநகர்_அடுப்பு:
எல்லோருக்கும் நன்றி. இந்தச் சனிக்கிழமை நான்கு அடுப்பிலும் நான்கு சிறு பானைகளை வைத்துப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் 100 கிராம் பீன்ஸ். முதல் மூன்றும் புதிதாக வாங்கிய ஒரே பொட்டலத்திலிருந்து எடுத்தவை. நான்காவது, சென்ற முறை பயன்படுத்திய பொட்டலத்தின் மிச்சம். அது அலமாரியில் இரண்டு ஆண்டுகளாக இருந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

வெறும் நீரில் ஊறி வெறும் நீரில் கொதித்த விதை ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் வெந்தது. பல விதைகள் தோல் உரிந்து வெடித்திருந்தன. உப்பு நீரில் ஊறவைத்து, அலசி, சிறிது உப்புடனேயே கொதித்த விதை ஒன்றரை மணி நேரத்திற்குள் வெண்ணெய் போலக் குழைந்தது, தோலும் முழுதாக இருந்தது. தொடக்கத்திலேயே தக்காளி சேர்த்த பானை மூன்று மணி நேரத்திலும் நறநறப்பை விடவில்லை. பழைய விதையை உப்பு நீரில் ஊறவைத்தும் இரண்டரை மணி நேரம் பிடித்தது, அதுவும் ஒன்று குழைய ஒன்று இறுகி, சீராக வேகவில்லை.

பிறகு மீதிப் பீன்ஸை வைத்து முழு சூப்பும் செய்தேன். பேக்கனை விரற்கடை அகலத்துக்கு நறுக்கிக் குளிர்ந்த பானையிலேயே போட்டு, சிறுதீயில் கொழுப்பு உருகி வரும்வரை பன்னிரண்டு நிமிடம் பொறுத்திருந்து, முறுகிய துண்டுகளை எடுத்து வைத்தேன். இரண்டு மேசைக்கரண்டிக் கொழுப்பை மட்டும் விட்டு, அதில் வெங்காயமும் கேரட்டும் செலரியும் பூண்டும் வதக்கி, ஊறிய பீன்ஸும் பிரிஞ்சி இலையும் சேர்த்துப் பிரஷர் குக்கரில் பாதி அளவுக்கு மேல் போகாமல் வைத்தேன்; பன்னிரண்டு நிமிட அழுத்தத்தில் வெந்துவிட்டது. திறந்த பிறகே இரண்டு மேசைக்கரண்டித் தக்காளி விழுதைக் கரைத்து, மேலும் கால் மணி நேரம் கொதிக்கவிட்டேன். மூன்றில் ஒரு பங்கை மசித்தவுடன் அதன் நிறமே மாறியது. என் குழந்தைகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

கல்லுரல்:
நான்கு பானை வைத்துப் பார்த்த பொறுமைக்கு என் வாழ்த்து. ஊறவைக்கும் நீரில் உப்புப் போடுவதை இனி நானும் செய்து பார்க்கிறேன்; கொண்டைக்கடலையில் தொடங்குவேன். ஆனால் கொதிக்கும் பானையில் முதலிலேயே அளந்து உப்பைப் போடுவதில் இன்னும் எனக்கு உடன்பாடு இல்லை. அதற்குக் காரணம் வேக்காடு அன்று, பேக்கன். கடைக்குக் கடை அதன் உப்பு வேறுபடும். சூப்போ சுண்டச் சுண்டக் கரிக்கும். கடைசியில் ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டே உப்பைத் தீர்மானிக்க வேண்டும். இன்னொன்று: மீந்த சூப் மறுநாள் கூழ் போல இறுகிவிடும். வெந்நீர் விட்டு இளக்கிச் சூடாக்குங்கள். முறுகிய பேக்கனை மட்டும் தனிக் கிண்ணத்தில் வைத்திருந்து, பரிமாறும்போது மேலே தூவுங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் கலந்துவிட்டால் மறுபடியும் அந்தத் தோல்வார்தான் கிடைக்கும்.