மாம்பழத்தில் காம்பு அழுகல்: பூஞ்சை இலையிலிருந்தே வருகிறதா?

மரத்தில் இருக்கும்வரை காயில் ஒரு கீறல்கூட இல்லை. பறித்து வைத்த ஆறாம் ஏழாம் நாள், பழுக்கும்போது காம்பைச் சுற்றிப் பழுப்பு வளையம். இரண்டு நாளில் பாதிப் பழம் கறுத்துக் கொழகொழத்துவிடுகிறது. மொத்தம் 12 ஒட்டு மரங்கள், வயது 9. மூன்று பருவமாக இதே கதை.

பூக்கும்போது கார்பென்டசிம், காய் பிடித்தபின் காப்பர் ஆக்சிகுளோரைடு என்று பூஞ்சைக்கொல்லிகள் தெளித்தேன். பறித்ததும் 52 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் முக்கினேன். தோலில் வரும் கரும்புள்ளி (ஆந்த்ராக்னோஸ்) நன்றாகக் குறைந்தது, காம்பு அழுகல் அசையவில்லை. 5 செ.மீ. காம்பு விட்டுப் பறித்த காய்கள் மட்டும் சற்றுத் தாமதமாக அழுகின.

அப்புறம்தான் படித்தேன்: லேசியோடிப்ளோடியா போன்ற பூஞ்சைகள் இலையிலும் கிளையிலும் எந்த அடையாளமும் காட்டாமல் குடியிருந்து, பூங்கொத்துத் தண்டு வழியாகக் காம்புக்குள் வந்து, பழுக்கும்வரை சும்மா இருக்குமாம். சோதிக்க, பச்சை இலைகளின் வெளிப்பரப்பைக் கிருமி நீக்கிவிட்டு ஈரத்தாளோடு டப்பாவில் மூடி வைத்தேன். சில நாளில் சாம்பல் நிறப் பூஞ்சை, பிறகு கறுத்தது. அதே பூஞ்சைதானா என்று கண்ணால் சொல்ல முடியாது, ஆனால் சந்தேகம் வலுத்துவிட்டது. நுனி காய்ந்த குச்சிகளும் மரத்தில் நிறைய உண்டு, அவற்றை இதுவரை வெட்டியதில்லை.

இப்படி உள்ளே குடியிருக்கும் பூஞ்சையைக் குறைத்தவர்கள் சொல்லுங்கள்: அறுவடை முடிந்த கையோடு கவாத்து செய்ததில் பலன் கிடைத்ததா, பூக்கும் முன் செய்ததிலா?