[கலைச்சொல்] புதுவீட்டு இணைப்புகளுக்கு வெட்டும் ‘ட்ரெஞ்ச்’: தமிழில் என்ன?

தாம்பரம் மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். புது வீடு கட்டுபவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் தருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தெருவிலிருந்து மின்வடம், குடிநீர்க் குழாய், இணைய இழை எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவர நீளமாக வெட்டுவார்களே, அந்த ‘யுடிலிட்டி ட்ரெஞ்ச்’தான் சிக்கல். மூலத்தில் பிட் வேறு, ட்ரெஞ்ச் வேறு. மின்சார எர்த்துக்குப் பிட், கேபிளுக்கு ட்ரெஞ்ச். இரண்டுக்கும் ‘குழி’ என்று போட்டால் மேஸ்திரி எதை வெட்டுவார்? ‘ட்ரெஞ்சிங்’கைக் ‘குழிபறித்தல்’ என்று எழுதிப் பார்த்தேன். ‘குழிபறிக்கும் முன் பக்கத்து வீட்டாரிடம் தெரிவிக்கவும்’ என்று வாக்கியம் வந்து நிற்கிறது. உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சை:
இதற்கு ஏன் இவ்வளவு தவிப்பு? அகழ்ந்தது அகழி. ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்’ என்ற குறள் 151 படிக்காதவர் யார்? ‘இணைப்பகழி’ என்று போடுங்கள். பிட்டுக்குக் குழி இருக்கவே இருக்கிறது.

பாலிடெக்னிக் சிவில் வாத்தியார்:
ஐயா, அகழி என்றதும் என் மாணவர்களுக்கு வேலூர்க் கோட்டைதான் கண்முன் வரும், தண்ணீரோடு சேர்த்து. கட்டடத் தொழிலில் இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. அஸ்திவாரத்துக்கு நீளமாக வெட்டுவதைக் கொத்தனார்கள் ‘வானம் தோண்டுறது’ என்பார்கள். உழைப்பவர் வாயில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு நாம் ஏன் புதிதாகக் காய்ச்ச வேண்டும்? ‘இணைப்பு வானம்’ என் பரிந்துரை.

தஞ்சை:
வானமா, வாணமா? இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். ஒன்று ஆகாயம், இன்னொன்று தீபாவளி. கையேட்டில் எதை அச்சிடுவது?

கோவை மின்பொறியாளர்:
‘வானத்தின் அடியில் மணல் பரப்பிக் கேபிளைப் புதைக்கவும்.’ படித்துப் பாருங்கள், வாத்தியாரே.

சொல்லைவிட ஒரு விஷயம் முக்கியம். மின்வடம் பதிப்பதற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1255 படி வீட்டுக்கு வரும் குறைந்தழுத்த வடம் குறைந்தது 75 செ.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும். 11 கிலோவோல்ட் என்றால் 90 செ.மீ. கீழே மணல், மேலே மணல், அதன் மேல் செங்கல், அப்புறம் எச்சரிக்கை நாடா. இணைய இழையைத் தள்ளி வைக்க வேண்டும். கழிவுநீர்க் குழாயை இதோடு சேர்க்கவே கூடாது. அதற்குச் சரிவு வேண்டும், போகப்போக ஆழம் கூடும், கசிந்தால் குடிநீருக்குக் கேடு. ஆகவே ‘எல்லா இணைப்புக்குமான பொதுப் பள்ளம்’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள். இன்னொன்று, ‘பொது’ என்று போட்டால் அதை மாநகராட்சி வந்து மூடும் என்று வீட்டுக்காரர் காத்திருப்பார்.

யாழ்ப்பாண வாசகர்:
நாங்கள் கிடங்கு என்றுதான் சொல்லுவம். மண்ணில் வெட்டினால் கிடங்கு, றோட்டில் விழுந்தாலும் கிடங்கு. மலையாளத்திலும் கிடங்ஙு ட்ரெஞ்ச்தான். பழந்தமிழில் கோட்டை அகழிக்கும் இதே பெயர். இவ்வளவு சான்று வேறு எந்தச் சொல்லுக்கு இருக்கு?

சொல்லாராய்ச்சி அன்பர், சென்னை:
அருமை! ஆனால் இங்கே கிடங்கு என்றால் அரிசி மூட்டை அடுக்கும் இடம். ‘குடோன்’ என்பதே மலாய் ‘குடாங்’ வழியாக ஆங்கிலம் போய் வந்த நம் கிடங்கு என்பார்கள். பள்ளம் எப்படிப் பண்டகசாலை ஆனது என்பது தனிக் கதை.

என் தேர்வு ‘சுருங்கை’. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் ‘சுருங்கை வீதி’ வருகிறது. நிலத்தடி வழி என்று பொருள். கிரேக்க ‘சிரிங்ஸ்’ வடமொழி வழியாக இப்படி வந்தது என்பது ஒரு கருத்து. ஆஸ்பத்திரி சிரிஞ்சும் அதே வேர். நானோ ‘சுருங்கு’ என்ற வினையிலிருந்துதான் என்பேன். குறுகிய வழி அல்லவா? விரிவாக நாளை எழுதுகிறேன்.

கோவை:
நாளை வேண்டாம் ஐயா. சுருங்கை மூடியே இருக்கும். இது வடம் போட்டு முடிக்கும்வரை திறந்துதான் கிடக்கும். ஆழம் ஒன்றரை மீட்டருக்கு மேல் போனால் பக்கவாட்டு மண் சரியாமல் முட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள். திறந்த பள்ளம் என்பது சொல்லிலேயே தெரியட்டும்.

தாம்பரம்:
நாளை மாலைக்குள் கோப்பை அனுப்ப வேண்டும். ‘நீள்பள்ளம்’ என்று வைத்துக்கொள்ளட்டுமா? முதல் இடத்தில் மட்டும் ‘நீள்பள்ளம், அதாவது ட்ரெஞ்ச்’ என்று விளக்கிவிடுகிறேன். பிட்டுக்குக் குழி.

கோவை: சரி. வெட்டுகிறவருக்குப் புரியும்.

யாழ்ப்பாணம்: ஓம், ஆனால் எங்கட பக்கத்துக்கு ஒரு பதிப்பு வந்தால் கிடங்கு என்று மாற்றுங்கோ.

தஞ்சை: நீள்பள்ளம் வினைத்தொகையா பண்புத்தொகையா என்ற கேள்வி இருக்கிறது. அது தீரும்வரை என் ஆதரவு அரைமனதோடு.

சிவில் வாத்தியார்: பெரும்பான்மைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. என் வகுப்பில் வானம்தான். தேர்வில் நீள்பள்ளம் என்று எழுதினாலும் மதிப்பெண் தருவேன். அது இருக்கட்டும், சாலைக்கு அடியில் கேபிளை நுழைக்கும் ‘ஸ்லீவ்’ குழாய்க்கு என்ன போட்டீர்கள்?

தாம்பரம்: உறைகுழாய்.

சொல்லாராய்ச்சி அன்பர்: உறை என்றால் உறைகிணறு நினைவுக்கு வருகிறது. அதுபற்றி ஒரு வார்த்தை…