ஆச்சி வீடு குரூப்: பட்டாசலை உடைக்கணுமா?

வெள்ளி

நான் (காலை 6.50): கீழ கக்கூஸ்ல தண்ணி ஊத்துனா மேல ஏறிட்டு வருது. குளிக்கிற தண்ணியும் போக மாட்டேங்கு, கொப்புளிச்சிட்டு அங்கனயே நிக்கி. பிளம்பர் பாத்துட்டு பட்டாசல்ல, அதான் கூடத்துல, தரைய பத்தடி உடைக்கணும்னுட்டாரு. நம்ம லைன் எந்த வழியா தெருவுக்குப் போவுதுன்னு யாருக்காவது தெரியுமா? தேருக்கு ஒம்பது நாள்தான் இருக்கு, எல்லாரும் வருவீங்க.

அம்மா: உடைக்க விடமாட்டேன்

அக்கா (சென்னை): அம்மா, அவன் பக்கத்துலதான இருக்கான். நேர்ல சொல்லேன்

அம்மா: எல்லாருக்கும் தெரியட்டும்னுதான் இதுல போடுதேன். மாமா, அதான் உங்க தாத்தா, பக்கத்துல நின்னு சிவப்புக் காவி தேய்க்க வச்ச தரை. நானும் ஆச்சியும் தேங்காண்ணெ போட்டுத் தேச்சுத் தேச்சு மினுக்குனது. இப்ப அப்படிப் போட ஆளு கிடையாது.

சித்தப்பா: பட்டாசல் வழியாத்தான் போகும். புறவாசல்ல இருந்து தெருவுக்கு நேர் வழி அதுதான். 31 வருசம் ரோட்டு வேலைல கிடந்தவன்லா நான்.

தம்பி (பெங்களூரு): வீட்டுக்கு பிளான் எதும் இருக்கா?

சித்தப்பா: தாத்தா கட்டுன வீட்டுக்கு பிளானாம். கொத்தனார் கால் விரலால மண்ணுல கோடு போட்டதுதாம்ல பிளான்.

நான்: அப்பா இருந்தா ஒரு வார்த்தைல சொல்லிருப்பாவ.

பெரியத்தை (அம்பை): [குரல் பதிவு 2.10]

நான்: ஆபீஸ்ல இருக்கவங்களுக்காக அத்த சொன்னத எழுதுதேன். முந்தி புறவாசல்ல எடுப்புக் கக்கூஸ்தானாம். பின்முடுக்கு (பின்னால உள்ள சந்து) வழியா வந்து அள்ளிட்டுப் போவாங்களாம், அந்த முடுக்க விட்டதே அதுக்குத்தானாம். அத்தைக்குக் கல்யாணம் ஆன மறுவருசம், 1982ல, தாத்தா வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் செப்டிக் டேங்க் கட்டிருக்காங்க. அதுக்கு பழுப்பு கலர்ல மினுமினுன்னு பீங்கான் பைப்பு வந்து இறங்குனது அத்தைக்கு ஞாபகம் இருக்கு. தெருப்பக்கம் லைன் போட்டது எப்பன்னு தெரியாதாம்.

அம்மா: காலைல பலகாரம் சாப்பிடுத நேரத்துல எதுக்கு அந்தப் பேச்செல்லாம்

பெரியத்தை (அம்பை): அள்ளுனவங்களுக்கு மட்டும் சாப்பாட்டு நேரம்னு ஒண்ணு கிடையாதாட்டி

தம்பி (பெங்களூரு): அத்த சொன்னது ரொம்ப முக்கியம். கக்கூஸ்ல இருந்து லைன் மொதல்ல பின்னாடி டேங்குக்குப் போயிருக்கு. தெருவுல பாதாள சாக்கடை வந்தப்புறம் டேங்க விட்டுட்டு, அங்கன இருந்துதான் முன்னால கொண்டாந்திருப்பாங்க. பக்கத்து முடுக்கு வழியாவும் வந்திருக்கலாம்லா?

சித்தப்பா: பெங்களூர்ல இருந்து மண்ணுக்கடில இருக்கது தெரியுதோ

அத்தான்: மெட்டல் டிடெக்டர் வாடகைக்குக் கிடைக்குமா மாப்ள?

தம்பி (பெங்களூரு): பீங்கானும் பிவிசியும் அதுல சத்தமே போடாது அத்தான். இரும்பு பைப்பா இருந்தாத்தான் ஆகும்.

அத்தான்: [இந்த மெசேஜ் நீக்கப்பட்டது]

நான்: அத்தான் அழிச்சாலும் நான் படிச்சிட்டேன். செப்டிக் டேங்க்ல ஆள இறக்கிப் பாக்க வேண்டாம். அது ரொம்ப நாளா மூடிக் கிடக்கு. உள்ள இருக்க வாயு மொதல்ல அழுகுன முட்ட மாதிரி நாறும், கூடிப் போச்சுன்னா மூக்கு மரத்துப் போயி நாத்தமே தெரியாது. அதுக்குள்ள ஆளு விழுந்துருவான், தூக்கப் போறவனும் விழுவான். ஆள இறக்கக் கூடாதுன்னு 2013லயே சட்டம் வந்தாச்சு. செத்தா 30 லட்சம் குடுக்கணும்னு 2023ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாச்சு. பணத்த விடுங்க, நம்ம புறவாசல்ல ஒருத்தன் சாகவா?

அத்தான்: தெரியாமச் சொல்லிட்டேன் மாப்ள. தீக்குச்சி கிழிச்சு மேல இருந்து எட்டிப் பாத்தா?

நான்: அது அதவிட மோசம் அத்தான், எரியுத வாயுவும் உள்ள இருக்கும். மூடியத் தொடவே வேண்டாம். டேங்க காலி பண்ணணும்னா 14420க்கு கூப்பிட்டா லாரிக்காரங்க வந்து ஓஸ் போட்டு உறிஞ்சிருவாங்க.

பெரியத்தை (அம்பை): ஏல மக்கா, ஒண்ணு செய்யி. சந்தடி அடங்குனப்புறம் மாடில ஒரு ஆள் நின்னு தண்ணி ஊத்தட்டும். நீ எவர்சில்வர் டம்ளரத் தரைல கவுத்து, அது மேல காத வச்சிக் கேளு. கிணத்துல ஊத்து எந்தப் பக்கம்னு எங்கப்பா அப்படித்தான் பாப்பாவ.

நான் (இரவு 11.20): அம்மா மாடில. பட்டாசல்ல நாலு இடத்துல வச்சுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல, அடுக்களைல பிரிட்ஜ் ஓடுத சத்தந்தான் கேக்கு.

நான் (இரவு 11.34): பக்கத்து முடுக்குல, செவரு ஓரமா, லேசா களக் களக்குன்னு கேக்கு!! நாய் ஒண்ணு என்னையே பாத்துட்டு நிக்கி.

சித்தப்பா: அது பக்கத்து வீட்டுக் குழாயா இருக்கும். போய்த் தூங்குல.

சனி

நான் (காலை 8.05): ஒரு வாளித் தண்ணில ரெண்டு பாட்டில் சொட்டு நீலம் கலந்து கீழ கக்கூஸ்ல ஊத்திட்டு தெரு சேம்பர்ல, அதான் சாக்கடைத் தொட்டிகிட்ட, நிக்கேன். அம்மா நேத்து மஞ்சப்பொடி போட்டாங்க, அது சாக்கடைத் தண்ணியோட தண்ணியா நெறம் தெரியாமப் போயிட்டு.

நான் (8.47): நாப்பது நிமிசம் கழிச்சு லேசா நீலம் வருது. தெருவுக்குத்தான் போவுது, ஆனா ஊர்ந்துட்டுப் போவுது. வழி மட்டும் இன்னும் தெரியல.

அக்கா (சென்னை): எல்லாரும் இத பாருங்க. [படம்] என் மறுவீட்டு ஆல்பம், 2011. நானும் அவங்களும் பக்கத்து முடுக்குல நிக்கோம்லா, எங்க காலப் பாக்காதீங்க, பின்னால தரையப் பாருங்க. நடுவுல ஒரு ஒண்ணரையடி அகலத்துக்கு மட்டும் சிமெண்டு வெளுப்பா இருக்கு. செவருல சாத்தி வச்சிருக்கது என்ன?

தம்பி (பெங்களூரு): பைப்பு!! நாலிஞ்சு பிவிசி. மிச்சம் வந்த துண்டு.

அம்மா: ஆமா இப்ப ஞாபகம் வருது. அந்த வருசம் நான் ஆச்சிய கூட்டிட்டு திருச்செந்தூர்ல பத்து நாள் இருந்தேன். திரும்பி வந்தப்ப முடுக்குல நடக்க முடியல, ஈர சிமெண்டு. கல்யாணத்துக்குப் பூசியிருக்காவன்னு நெனச்சேன்.

சித்தப்பா: போட்டோல பைப்பு இருந்தா லைன் இருக்குன்னு அர்த்தமா

நான் (மாலை 4.15): கேமராக்காரர் வந்துட்டாரு. 4,000 கேட்டாரு, குடுத்துட்டேன். தரைய உடைச்சிட்டு மறுபடி பூசுத செலவுக்கு இது ஒண்ணுமே இல்ல. தடியா ஒரு கேபிள், நுனில எலுமிச்சங்கா அளவுக்கு கேமரா, சுத்தி குட்டி லைட்டு. தெரு சேம்பர்ல இருந்து உள்ள தள்ளுதாரு, எத்தன மீட்டர் போயிருக்குன்னு திரைலயே ஓடுது.

நான் (4.31): 11 மீட்டர் நல்ல பிவிசி. முடுக்கோடதான் வருது. பட்டாசல் பக்கமே போகல. சித்தப்பா கவனிக்க.

நான் (4.40): 14.6ல கேமரா தண்ணிக்குள்ள முங்கிட்டு. அதுக்கு அந்தப் பக்கம் செங்கல் கட்டு தெரியுது. ஒரு சேம்பர்! மூடி எங்கனன்னு மேல பாத்தா ஒண்ணயும் காணோம்.

தம்பி (பெங்களூரு): கேமரா தலைல சிக்னல் அனுப்புத கருவி இருக்கும், 512 ஹெர்ட்ஸ்ல. அத மேல இருந்து பிடிக்கச் சொல்லு.

நான் (4.58): பிடிச்சாச்சு. கைல ஒரு கோல் மாதிரி வச்சிக்கிட்டு மெதுவா நடக்காரு, கிட்டப் போகப் போக கீச்சுக் கீச்சுனு சத்தம் கூடுது. எங்க வந்து நின்னுச்சு தெரியுமா? துவைக்கிற கல்லு மேல. ஆழம் ரெண்டடின்னு காட்டுது.

அம்மா: 14 வருசமா அதுக்கு மேலயா நின்னு துவைச்சேன்

பெரியத்தை (அம்பை): சிவசிவா

ஞாயிறு

நான் (காலை 9.30): நாலு பேரு சேந்து கல்லப் புரட்டியாச்சு. அடில ஒரு அடி மண்ணு, அப்புறம் கடப்பாக்கல் மூடி. தெறந்து போட்டுட்டு எல்லாரும் தள்ளி நின்னோம். அரை மணி நேரம் கழிச்சுத்தான் கிட்டப் போனோம்.

நான் (10.20): [படம்] இது முடி இல்ல, வேரு. பீங்கான் பைப்பு ரெண்டு ரெண்டடித் துண்டா இருக்குல்லா, ஒவ்வொரு இணைப்புலயும் சிமெண்டு பொரிஞ்சு போயி அது வழியா வேப்பமரத்து வேரு உள்ள வந்திருக்கு. சவுரிமுடி மாதிரி தொங்குது. கடைசி மூணு துண்டு நொறுங்கியே கிடக்கு.

அக்கா (சென்னை): மரத்த வெட்டணுமா?

அம்மா: மரத்தத் தொடக்கூடாது

நான்: வெட்ட வேண்டாங்க்கா. பீங்கான் துண்ட எடுத்துட்டு கக்கூஸ் வர பிவிசி போட்டா போதும், மொத்தம் பத்தடிதான். ரப்பர் வளையம் வச்ச இணைப்பா போடச் சொல்லிட்டேன், வேரு லேசுல நுழையாது. ஆசிட் ஊத்தி வேரக் கருக்கலாம்னு பிளம்பர் சொன்னாரு, வேண்டாம்னுட்டேன்.

சித்தப்பா: சரிவு எவ்வளவு வைக்கான்?

நான்: கண் மட்டத்துக்கு வைக்காரு சித்தப்பா

சித்தப்பா: நிப்பாட்டச் சொல்லு. நாலிஞ்சு பைப்புக்கு நாப்பதுக்கு ஒண்ணு. பத்தடிக்கு மூணு இஞ்சு இறங்கணும். கொறஞ்சா தண்ணி நிக்கும், ரொம்பக் கூடுனா தண்ணி மட்டும் ஓடிரும், மத்தது நின்னுரும். நான் டியூப் லெவலோட வாரேன். பத்து நிமிசம்.

நான் (12.05): சித்தப்பா வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு பள்ளத்துக்குப் பக்கத்துல உக்காந்தாச்சு. கொத்தனார் ரெண்டு இஞ்சுதான் விட்டிருந்தாரு.

சித்தப்பா: இருந்தாலும் முறைன்னு பாத்தா நேர் வழிதான் சரி. அண்ணன் தேவையில்லாம சுத்திக் கொண்டு போயிருக்காவ. அஞ்சு மீட்டர் பைப்பு தெண்டம்.

பெரியத்தை (அம்பை): எங்கம்மா தேச்சு மினுக்குன தரைன்னு சுத்திருப்பான்ல. நீயா இருந்தா அன்னைக்கே உடைச்சிருப்ப.

சித்தப்பா: 🙏

நான் (மாலை 5.40): மூணு வாளி ஒண்ணா ஊத்துனேன், கடகடன்னு போயிட்டு. சேம்பர மூடல, எடுத்து மாட்டுத மாதிரி மூடி போட்டாச்சு. துவைக்கிற கல்லு கிணத்தடிக்குப் போயிட்டு. பழைய டேங்குக்கு நாளைக்கு லாரி வருது, உறிஞ்சப்புறம் மணல் போட்டு மூடிருவோம். தேருக்கு எல்லாரும் தைரியமா வாங்க.

அக்கா (சென்னை): நாங்க ஆறு பேரு. பட்டாசல்லதான் படுப்போம்

நான் (5.52): [படம்] மீட்டர் பெட்டி கதவுக்கு உள்பக்கம் பெயிண்டால படம் போட்டு அளவு எழுதிட்டேன். வடக்குச் செவருல இருந்து சேம்பர் நடு மட்டும் மூணே காலடி. லைன் ரெண்டடி ஆழம்.

பெரியத்தை (அம்பை): ஏல, முடுக்கு ஓரம் இருக்கது மேக்குச் செவருல்லா? வடக்குன்னு எழுதிருக்க

நான்: அழிச்சு எழுதுதேன் அத்த