தோற்று வந்த டீமுக்கு மாலை போட்டது சரியா?

பொகவந்தலாவ_லெஃப்ட்விங்:
ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஓடும் சண்டை இது. வெளி ஆட்களிடமும் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

தோட்டப் பையன்கள் ஃபுட்பால் ஃபைனல் வரை போனார்கள். எதிரில் டவுன் டீம், எல்லோருக்கும் ஸ்டட் சப்பாத்து. எங்களில் பாதிப் பேருக்கு பள்ளிக்கூடத்துக்குப் போடும் கேன்வஸ். மழை வேறு. இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கிவிட்டோம், பார்க்க வந்தவர்கள் சிலர் வேனில் ஏறிக் கண்ணாடியை மூடிக்கொண்டார்கள்.

அப்புறம்தான் ஆட்டமே. எங்கள் கீப்பர் கொழும்பில் கடையில் வேலை செய்பவன். சனி இரவு கடை பூட்டியதும் பஸ் பிடித்து, ஹட்டனில் இறங்கி, தூங்காமல் கிரவுண்டுக்கு வந்தவன். பெனால்டியை இடது பக்கம் பாய்ந்து தட்டினான். திரும்பி வந்த பந்தை அவர்கள் மறுபடி அடிக்க, சேற்றில் உருண்டு காலாலேயே தடுத்தான். அதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கு வெறி வந்துவிட்டது. இரண்டு கோல் திருப்பினோம். கடைசி அடி மேல் கம்பத்தில் பட்டுத் தேயிலைக்குள் போய் விழுந்தது. 3-2. தோல்விதான்.

வேன் சந்திக்கு வந்தால், பொடியன்கள் தப்பு மேளத்தோடு நிற்கிறார்கள். கோயிலில் கட்டிய மாலை வேறு. நாங்கள் குடியிருக்கும் லயம் வரை ஊர்வலம். அப்போது எங்கள் பழைய கங்காணித் தாத்தா குறுக்கே நின்று, "கப்பு எங்கடா? கப்ப காட்டிட்டு மேளம் அடிங்க" என்றார். பாதித் தோட்டம் அவர் பக்கம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மஸ்கெலியா_ஸ்டாப்பர்:
தாத்தா பக்கம்தான் நான். இரண்டாம் பாதியில் ஓடிய ஓட்டத்தை முதல் பாதியில் ஏன் ஓடவில்லை? மூன்று கோலும் எப்படி விழுந்தது என்று நீங்கள் ஒரு வரி எழுதவில்லை பாருங்கள். கார்னர் கிக்காகத்தான் இருக்கும். மழையில் நம் தோட்டத்து டீம்கள் எல்லாம் கார்னருக்குப் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும், எதிர் டீம் ஆளை ஒட்டி நின்று பிடிக்காது. கீப்பருக்கு மட்டும் மாலை போட்டிருந்தால் நானும் கை தட்டியிருப்பேன்.

ராகலை_மாமா:
3-2 என்றதும் எனக்கு 2021 ஜூன்தான் ஞாபகம் வந்தது. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று, தென் கொரியாவில் இலங்கையும் லெபனானும். இங்கே பயணத்தடை, வீட்டை விட்டு நகர முடியாது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மட்டும்தான் சிக்னல், அங்கே நின்று போனில் பார்த்தேன். முதல் கோலே நம்முடையது! ஜெர்மனியில் பிறந்த வசீம் ராசிக் அடித்தார், இரண்டாவதும் அவர்தான், பெனால்டி. ஆனாலும் 3-2 தோல்வி. அந்தச் சுற்று முழுக்க இலங்கை போட்ட கோல் அந்த இரண்டே. 2019இல் இதே சுற்றில் தென் கொரியாவிடம் 8-0 வாங்கிய டீம் அது. அந்த 8-0ஐப் பார்த்தவனுக்குத்தான் இந்த 3-2இன் அருமை தெரியும். அன்றைக்கு யாராவது தப்பு அடித்திருந்தால் நானும் ஆடியிருப்பேன் தம்பி.

நோர்வூட்_டீச்சர்:
மொரோக்கோவை மறந்துவிட்டீர்களே. 2022 கத்தார் உலகக் கிண்ணத்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க நாடு. பிரான்ஸிடம் 2-0, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் குரோஷியாவிடம் 2-1. கடைசி இரண்டு மேட்சும் தோல்வி. ஆனாலும் ரபாத்தில் திறந்த பஸ்ஸில் ஊர்வலம், தெருவெல்லாம் ஜனம். அரண்மனைக்கு வீரர்கள் அம்மாக்களோடு போனார்கள், மன்னர் வரவேற்றார். அரையிறுதியில் கேப்டன் சாய்ஸ் காயத்தோடு இறங்கி 21ஆம் நிமிடத்தில் வெளியே வரவேண்டியதாயிற்று. எல் யமீக் தலைகீழாகப் பாய்ந்து அடித்தது கம்பத்தில் பட்டது. உங்கள் கடைசி அடி மாதிரியே.

மஸ்கெலியா_ஸ்டாப்பர்:
டீச்சர், அவர்கள் ஸ்பெயினையும் போர்த்துக்கலையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் தோற்றார்கள். அதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

பொகவந்தலாவ_லெஃப்ட்விங்:
செமி ஃபைனலில் நாங்களும் போன வருடச் சாம்பியனைத்தான் அனுப்பினோம் அண்ணே. கார்னர் விஷயம் மட்டும் உண்மை. மூன்றில் இரண்டு அப்படி வந்ததுதான், எப்படிக் கண்டுபிடித்தீர்களோ.

டீச்சர் சொன்ன மொரோக்கோ கதையைத் தாத்தாவிடம் அப்படியே சொன்னேன். "அவனுங்கள ராஜா கூப்புட்டாரு. ஒங்கள யாரு கூப்புட்டா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடிக்கப் போய்விட்டார். அந்த மனுசனோடு பேச முடியாது.

ஸ்டாப்பர் அண்ணே, சனிக்கிழமை பின்னேரம் பிராக்டிஸ் இருக்கிறது. முடிந்தால் வந்து கார்னருக்கு எப்படி ஆள் பிடிப்பது என்று பையன்களுக்குக் காட்டுங்கள். மழை பெய்தாலும் இறங்குவார்கள். மாலை எல்லாம் கிடைக்காது, டீயும் ரொட்டியும் உண்டு.