செடிகளுக்கு 'இடப்பெயர்வு' வேண்டாம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> சூடு கூடுவதால் தாவரங்கள் வளரும் இடம் மாறுவதை 'தாவர இடப்பெயர்வு' என்றே சொல்லலாமே, எளிய சொல்தானே?

அண்ணை, எளிய சொல்தான். ஆனால் அதைக் கிளிநொச்சியில் ஒரு வகுப்பில் சொல்லிப் பாருங்கள். உழவு இயந்திரப் பெட்டியில் பாயும் பானையும் ஏற்றிக்கொண்டு போன வீட்டுக் கதைதான் பிள்ளைகளுக்கு நினைவு வரும். 'புலப்பெயர்வு' என்றால் கனடா மாமா. 'வலசை' பறவைக்குச் சரி, அது திரும்பி வரும்.

அதை விட்டாலும் பொருள் பிழைக்கிறது. பாலை மரம் எங்கேயும் நடந்து போவதில்லை. கரடியும் குரங்கும் பழத்தைத் தின்று கொட்டையை எங்கெங்கோ போடுகின்றன. தோதான இடத்தில் கன்று பிழைக்கும், மற்ற இடத்தில் பட்டுப்போகும். காலப்போக்கில் ஓர் ஓரத்தில் புதுக் கன்றுகள், மறு ஓரத்தில் கிழட்டு மரங்கள் மட்டும். நகர்வது மரம் இல்லை, ஓரம்.

ஆகவே 'பரம்பல் நகர்வு' என்கிறேன். பரம்பல் எங்கள் புவியியல் பாடநூலில் பழகிய சொல், ஒன்று எங்கெங்கே பரவியிருக்கிறது என்பது. புதுக் கன்றுகள் உள்ள ஓரம் முன்விளிம்பு, கிழட்டு மரங்கள் உள்ள ஓரம் பின்விளிம்பு.

மலையில் இது கண்ணுக்குத் தெரியும். 1802இல் ஜெர்மானிய இயற்கையியலாளர் ஹம்போல்ட் ஏறிய, எக்குவடோர் நாட்டுச் சிம்பராசோ மலையில் 2012இல் மறுபடி ஏறிப் பார்த்தார்கள். செடிகளின் எல்லை மேலே போயிருந்தது. எத்தனை மீட்டர் என்பதில் இன்னும் வழக்கு உண்டு, அது வேறு கதை. 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.6 பாகை செல்சியஸ் குளிரும். அப்படியென்றால் ஒரு பாகைச் சூட்டுக்கு ஏறக்குறைய 167 மீட்டர் ஏறினால் போதும். உச்சி வரும்வரை ஏறலாம்.

கிளிநொச்சி இருக்கும் எங்கள் வன்னிப் பகுதி சமதரை. அதே குளிரைத் தேடி முதிரை மரமும் வீரை மரமும் எங்கே ஏறும்? வடக்கே யாழ்ப்பாணம், அதற்கப்பால் கடல். இன்னொரு சிக்கலும் உண்டு. மலையில் ஒரு செடி விட்ட இடத்துக்குக் கீழேயிருந்து இன்னொன்று ஏறி வரும். தாழ்நிலத்துக்குக் கீழேயிருந்து ஏறி வர எதுவும் இல்லை. போனது போனதுதான்.

இந்த நிலைக்குத் தனிச் சொல் வேண்டும். 'தாழ்நில அழிவு' என்றால் வெள்ளம் வந்த மாதிரி இருக்கிறது. எனக்குத் தோன்றுவது 'தாழ்நில ஐதாதல்'. ஐதான பயிர், ஐதான கரைசல் என்கிறோமே, அந்த ஐது, அதாவது அடர்த்தி குறைந்தது. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இது விளங்குமா, இல்லை 'நீர்த்தல்' என்றால்தான் பிடிபடுமா, சொல்லுங்கள்.