கரேரா ஆர்எஸ் 2.7: நூறு கிலோ குறைந்ததால் கிடைத்தது என்ன?

கியர்ப்பித்தன்:
எடைக் குறைப்பின் பயனை அளக்க 1973-ஆம் ஆண்டின் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 மிகப் பொருத்தமான கார், ஏனெனில் ஒரே 210 குதிரைத்திறன் எஞ்சினோடு அது டூரிங், எடை குறைந்த ஸ்போர்ட் என இரு வடிவங்களில் விற்கப்பட்டது. டூரிங்கின் எடை 1075 கிலோ. பின்னிருக்கை, கடிகாரம், ஒலித்தடுப்பு ஆகியவற்றை நீக்கி, கதவைத் திறக்க வெறும் தோல்வாரைப் பொருத்திய ஸ்போர்ட்டின் எடை 975 கிலோ. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட டூரிங்குக்கு 6.3 நொடி பிடிக்க, ஸ்போர்ட்டுக்கு 5.8 நொடி போதும். எடைக்கேற்ற திறனில் ஸ்போர்ட்டுக்கு இணையாக வேண்டுமானால் டூரிங்குக்கு ஏறத்தாழ 231 குதிரைத்திறன் தேவைப்பட்டிருக்கும்.

நெடுஞ்சாலைக்காரன்:
உங்கள் கணக்கு சரிதான், ஆனால் வசதியான இடத்தில் நிறுத்திவிட்டீர்கள். உச்ச வேகம் ஸ்போர்ட்டுக்கு மணிக்கு 245 கிலோமீட்டர், டூரிங்குக்கு 240. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால் அங்கே எடைக்குப் பெரிய வேலை இல்லை. பின்புறத் தூக்குவிசையைக் குறைத்த அந்தப் புகழ்பெற்ற வாத்துவால் ஸ்பாய்லர் (எஞ்சின் மூடியின் மேல் எழும் காற்றுத்தடுப்பு) டூரிங்கிலும்தான் இருந்தது. கட்டப்பட்ட 1580 கார்களில் ஸ்போர்ட் ஏறத்தாழ 200 மட்டுமே. பணம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பின்னிருக்கையை இழக்க விரும்பவில்லை.

கியர்ப்பித்தன்:
எது அதிகம் விற்றது என்பது எது நன்றாக ஓடியது என்பதற்குச் சான்றாகாது. உச்ச வேகத்தை எத்தனை பேர் எட்டுகிறார்கள்? வளைவிலும் பிரேக்கிலும்தான் எடை தெரியும். டயரின் மேல் சுமை கூடினால் பிடிமானமும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. ஆகவே அதே டயர்களில் கனமான கார் வளைவை மெதுவாகவே கடக்க முடியும். நிறுத்தும்போது பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டிய ஆற்றலும் எடைக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. கூடுதல் குதிரைத்திறன் இந்த இரண்டில் எதற்கும் உதவாது.

பட்டறைவாசி:
இருவரும் மொத்த எடையை மட்டுமே பேசுகிறீர்கள். சக்கர விளிம்பில் குறையும் ஒரு கிலோ, தரைவிரிப்பில் குறையும் ஒரு கிலோவைவிட மதிப்புடையது, ஏனெனில் விளிம்பை நகர்த்துவதோடு சுழற்றவும் வேண்டும், மேடுபள்ளங்களில் சஸ்பென்ஷன் அதைக் கட்டுப்படுத்தவும் வேண்டும். எஞ்சினைப் பின் அச்சுக்கும் பின்னால் சுமக்கும் 911-இல், எஞ்சின் மூடியைக் கண்ணாடியிழையில் செய்தது கடிகாரத்தைக் கழற்றியதைவிட அறிவான வேலை.

நெடுஞ்சாலைக்காரன்:
அதை நானும் ஏற்கிறேன். விளிம்பிலும் மூடியிலும் எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கட்டும். ஆனால் பந்தயத்திடலுக்கே போகாத ஒருவர், ஒலித்தடுப்பு இல்லாத காரின் இரைச்சலை அரை நொடிக்காக ஏன் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்கு கியர்ப்பித்தன் இன்னும் பதில் சொல்லவில்லை.